சூடு தாங்குகிற கை

கையில் வந்த தேமலைக் காட்டத்தான் எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போனேன். நர்ஸ் யூனிஸ் அக்கா என்னைக் கண்ணை மூடச் சொன்னார். பேனா முனையால் தொடுவாராம், தொட்ட இடத்தை நான் விரலால் காட்ட வேண்டுமாம். நானும் சின்னப்பிள்ளை மாதிரி காட்டிக்கொண்டே வந்தேன். கண்ணைத் திறந்தால் தேமல் முழுக்க நீலப் புள்ளிகள். அங்கே தொட்டது ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"என்னங்கக்கா இது?"

"ஹான்சன் நோய் மாதிரி இருக்குது, ரோஸ்மேரி. கோத்தகிரியில காட்டி உறுதி பண்ணிக்கலாம். மாத்திரை இருக்குது, சரியாயிரும்."

பழைய வெள்ளைக்கார மேனேஜர் பெயர் போல இருந்தது. முன்னே இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"பெருநோய், குஷ்டம்னு சொல்லுவாங்க."

அந்த நோய் வந்த ஆயம்மாளைப் பற்றி எங்கள் லைன் வீடுகளில் இன்றும் பேசுவார்கள். தனிக் குடிசை, தனித் தட்டு. பெற்ற பிள்ளையே எட்ட நின்று சோறு வைத்ததாம்.

"அது ஒழிஞ்சு போச்சுன்னாங்களே?"

"எங்க ஒழிஞ்சுது? பேரைத்தான் மாத்திட்டாங்க. இப்ப யாரும் யாரையும் ஒதுக்க வேண்டியதில்ல. ஊட்ல எல்லாரையும் கூட்டிட்டு வா. யாருக்காச்சும் கை மரத்துப் போகுதா, சூடு தெரியாம இருக்குதா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என் வீட்டுக்காரர் அந்தோணியின் நினைவு வந்தது. தேயிலை ஃபேக்டரியில் இலையைச் சூட்டில் உலர்த்தும் டிரையர் அவர் பொறுப்பு. சுடச்சுட விழும் தூளை வெறுங்கையால் அள்ளி மோந்து பார்ப்பார். மற்றவர்கள் கையை உதறிக்கொண்டு ஓடுவார்கள். சூடு தாங்குகிற கை என்று மெச்சித்தான் அவரை அந்த மெஷினிலேயே நிறுத்தினார்கள். கொப்புளம் வந்தால் நான் தேங்காய் எண்ணெய் தடவுவேன். அதையும் பெருமையாகத்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். அவர் கொதிக்கும் டீச் சட்டியைத் துணி இல்லாமல் அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, கீழ வைங்க," என்றேன்.

அவர் பக்கத்தில் எங்கள் மகள் ஜெஸிந்தா உட்கார்ந்திருந்தாள். ஐந்து வயது. ஆவி பறக்கும் சில்வர் டம்ளரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"கண்ணு, கை சுடுதா?"

பிள்ளைக்குச் சுட வேண்டும், மாதாவே, சுட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அவள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"எனக்கும் சுடலம்மா."