கீழ் ஸ்லாட்

முத்திருளனை அடக்கம் செய்த மறுநாள் எங்கள் கிரஷர் ஆபீசில் கம்ப்யூட்டரை எடுத்து மேசை மேல் வைத்திருந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து வந்த எஸ்.ஐ. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். வேலையாட்கள் நாங்கள் வாசலில் நின்றோம். முத்திருளன் பெண்டாட்டி முத்துத்தாய் மட்டும் வாசலுக்கும் வராமல், வெளியே ஜல்லிக் குவியல் ஓரமாகக் குத்தவைத்திருந்தாள்.

வாடிப்பட்டி தாண்டி உள்ளே இருக்கிறது எங்கள் கிரஷர். கல்லை உடைத்து ஜல்லியாகவும் மணலாகவும் ஆக்குவது வேலை. உடைந்த கல்லை மேலே கொண்டுபோகிற ரப்பர் பெல்ட்டுக்கு அடியில் சில்லு சிந்திக் குமியும். அள்ளாவிட்டால் உருளை சிக்கிக்கொள்ளும். பெல்ட்டை நிறுத்திவிட்டுத்தான் அடியில் போக வேண்டும் என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. ஆனால் நிறுத்தினால் மறுபடி ஓட்டி எடுப்பதற்குள் ஒரு லாரி லோடு குறைந்துவிடும். அதனால் சூப்பர்வைசர் செல்வக்குமார் ஆபீஸ் படியில் நின்று கையை வீசுவார். நாங்கள் மண்வெட்டியோடு குனிந்து, ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் நுழைந்துவிடுவோம். அப்படி நுழைந்தபோதுதான் முத்திருளன் கழுத்துத் துண்டை உருளை இழுத்துக்கொண்டது.

செல்வக்குமார் அதை வேறு மாதிரி சொன்னார். "நான் போகச் சொல்லல சார். வெயிலு தாங்காம நிழலுக்கு ஒதுங்கிப் படுத்திருக்கான்."

அப்படியே எழுதிவிட்டால் முத்திருளன் வேலை நேரத்தில் தூங்கப் போய்ச் செத்தவன். கம்பெனிக்குப் பொறுப்பில்லை. முத்துத்தாய்க்கு ஒரு கதியும் இல்லை.

பெல்ட்டையும் ஆபீஸ் படியையும் பார்த்தாற்போல ஒரு கேமரா உண்டு. செல்வக்குமார் கை வீசியது அதில் விழாமல் இருக்காது. ஆனால் எஸ்.ஐ. கேட்டபோது, படம் பதிகிற டிஸ்க்கையே கம்ப்யூட்டர் காட்டவில்லை என்றார்கள். கழற்றி ஒளித்துவிட்டார்கள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பினோம். முதலாளி மகன் சூர்யபிரகாஷ் மட்டும், "யாரும் தொடலண்ணே, சத்தியமாத் தொடல" என்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆரப்பாளையத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அருள்பாண்டியை வரவழைத்ததும் அவன்தான். உண்மை வெளியே வந்தால் போதும் என்று நினைத்தான் போல.

அருள்பாண்டி பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி ஊதினான். வெள்ளைத் தூசி அவன் முகத்திலேயே அடித்தது.

"என்னப்பா இது, கிரஷர் வெளிய ஓடுதா, இதுக்குள்ள ஓடுதா?"

யாரும் சிரிக்கவில்லை. அவன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "டிஸ்க்கு இங்கதான இருக்கு. வயரும் மாட்டித்தான் இருக்கு" என்றான். எங்களுக்குள் ஒரு சலசலப்பு. பிறகு அவன் டார்ச் வெளிச்சம் கீழே இறங்கி, செங்கல் மாதிரி இருந்த ஒரு கறுப்புச் சாமான் மேல் நின்றது.

"கிராபிக்ஸ் கார்ட யாரு கீழ் ஸ்லாட்ல சொருகுனது?"

"நான்தாண்ணே" என்றான் சூர்யபிரகாஷ். "கேம் ஆடுறதுக்கு வாங்குனேன். மொதல்ல மேலதான் இருந்துச்சு. புராசசர் பேனோட ஒட்டிக்கிட்டு சூடாகி நின்னு நின்னு போச்சு. கீழ காத்து வரும்னு மாத்துனேன். ரெண்டும் ஒரே நீளம்தானண்ணே?"

"நீளத்தப் பாத்தா மாட்டுன? மண்டபத்துல எல்லாம் நாற்காலிதான், அதுக்காக மணவறையில போயி உக்காந்துருவியா?" அருள்பாண்டி பலகையில் இரண்டு நீள வரிப்பள்ளங்களைத் தொட்டுக் காட்டினான். "மேல இருக்கே, இதுதான் கார்டுக்குன்னே உள்ளது. நேரா புராசசருக்குப் போகுது. கீழ உள்ளது அப்படி இல்ல. இதுவும், டிஸ்க்கு வயரு மாட்டுற இந்த ரெண்டு வாயும் ஒரே வாய்க்கால்ல தண்ணி வாங்குற மாதிரி. கீழ கார்டு உக்காந்துட்டா இந்த ரெண்டு வாயும் அடைஞ்சு போகும். எல்லா போர்டும் இப்படி இல்ல, இந்த போர்டு இப்படி. அட்டைப் பெட்டியோட ஒரு புத்தகம் வந்திருக்குமே?"

"அது எங்கிட்டோ கெடக்கும்ண்ணே."

"கெடக்கட்டும்."

கார்டைப் பிடித்திருந்த கொக்கியை விலக்கி, மெதுவாக உருவி, மேல் ஸ்லாட்டில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினான். டக்கென்று கொக்கி விழுந்தது. கம்ப்யூட்டரைப் போட்டான். சுவரில் இருந்த டிவியில் என்னென்னவோ ஓடின. பிறகு அவன் திரும்பினான்.

"வந்துருச்சு. டிஸ்க்கு வந்துருச்சு."

செல்வக்குமார் கர்சீப்பை எடுத்துப் பிடரியைத் துடைத்தார். நான் வெளியே ஓடிப்போய், "எந்திரி ஆத்தா. படம் கெடைச்சிருச்சு" என்றேன். முத்துத்தாய் எழுந்தபோது கால் மரத்துப்போய்த் தடுமாறினாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன்.

நாங்கள் உள்ளே வந்தபோது அருள்பாண்டி மவுசை உருட்டிக்கொண்டே இருந்தான்.

"சித்திரைத் திருவிழாவுக்கு முந்தின நாள் வரைக்கும் இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல."

"திருவிழா அன்னைக்குத்தான் கார்ட மாத்துனேன்" என்றான் சூர்யபிரகாஷ்.

எஸ்.ஐ. நிமிர்ந்தார். "நேத்து வரைக்கும் டிவியில படம் ஓடிக்கிட்டுத்தானய்யா இருந்துச்சு?"

"ஓடும் சார். கேமரா காட்டுறது வேற, பதிஞ்சு வைக்கிறது வேற. டிஸ்க்கு இல்லன்னு தெனம் ஓரத்துல செவப்பா ஒரு பெட்டி வந்திருக்கும். யாரும் பாக்கலையா?"

"வரும்" என்றார் செல்வக்குமார். "மூலையில உள்ள பெருக்கல் குறிய அமுக்குனா போயிரும். தெனமும் அமுக்கிருவேன்."

அந்தப் பெட்டியை நானும் பார்த்திருக்கிறேன். காலையில் ஆள் வந்ததைச் சொல்லப் போகும்போது டிவி மூலையில் சிவப்பாக நிற்கும். நான் எழுத்துக் கூட்டப் பழகியது நாற்பது வயதுக்கு மேல், அதுவும் தமிழ் மட்டும். அது இங்கிலீஷ். எச்சரிக்கை என்றுகூடத் தெரியாது, விளம்பரம் என்று நினைத்திருந்தேன்.

யாரும் ஒளிக்கவில்லை. யாரும் அழிக்கவில்லை. முத்திருளன் செத்தது எங்கேயும் பதியவே இல்லை, அவ்வளவுதான். களவு போயிருந்தால்கூட எங்காவது இருக்கிறது என்று ஒரு நம்பிக்கை இருந்திருக்கும்.

"கடைசி நாளையாச்சும் போடு" என்றார் எஸ்.ஐ.

போட்டான். படி தெரிந்தது. செல்வக்குமார் வந்து நின்று கையை வீசினார். பெல்ட் ஓடிக்கொண்டிருக்க, இரண்டு பேர் மண்வெட்டியோடு குனிந்து நுழைந்தார்கள். ஒருவன் முத்திருளன், இன்னொருவன் நான். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தோம். முத்திருளன் துண்டை உருவி உதறிவிட்டு என்னைப் பார்த்து என்னவோ சொல்லிச் சிரித்தான். படத்தில் சத்தம் இல்லை. என்ன சொன்னான் என்று எனக்கும் நினைவில்லை. முத்துத்தாய் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"பாத்தீங்களா சார்?" என்றேன். "ஓடுற பெல்ட்டுக்குள்ள கை காட்டி அனுப்புறாரு. தெனமும் இப்படித்தான்."

"இது பழசுய்யா. இதுல உசுரோட வெளிய வந்துட்டான்ல?" எஸ்.ஐ. சலிப்போடு நாற்காலியைத் தள்ளினார். "உங்க எல்லாரையும் கை காட்டித்தான் அனுப்புறாங்க, எல்லாரும் வாரீங்க, போறீங்க. இத வச்சு நான் என்ன எழுத? செத்த அன்னைக்கு அவர் கை காட்டுனாரா இல்லையா? அதச் சொல்லுங்க. பாத்தவன் யாரு?"

வாசலில் நின்றவர்களைப் பார்த்தேன். பேயாண்டி தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மற்றவர்களும் அப்படித்தான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மறுநாள் அதே படிக்கு முன்னால்தான் அவர்கள் போய் நிற்க வேண்டும்.

நான் அன்று லாரி மேல் ஏறித் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன். படி அங்கிருந்து தெரியாது. எனக்குக் கேட்டது ஒரு சத்தம் மட்டும். இறங்கி ஓடிவந்தபோது பெல்ட்டை நிறுத்தியிருந்தார்கள்.

"நான் பாத்தேன் சார்" என்றேன்.

"என்னத்த பாத்த?"

"இவரு கை காட்டுனாரு. முத்திருளன் மண்வெட்டிய எடுத்துக்கிட்டு உள்ள போனான். நான் பக்கத்துலதான் நின்னேன்."

செல்வக்குமார் துள்ளி எழுந்தார். "யோவ் நல்லகாமா! அப்பட்டமாப் பொய் சொல்லாதய்யா! நீ லாரி மேல தார்ப்பாய் கட்டிக்கிட்டிருந்த!"

"படம் இருந்தாக் காட்டுங்க சார்."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அருள்பாண்டி ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்தான். சூர்யபிரகாஷ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். எஸ்.ஐ. வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். ஆனால் பேனாவை எடுத்தார்.

"பேரச் சொல்லு. அப்பா பேரு, ஊரு. கோர்ட்டுல வந்தும் இதத்தான் சொல்லணும். மாத்திச் சொன்னா உன்னத் தூக்கி உள்ள வச்சிருவேன்."

"மாத்த மாட்டேன் சார்."

வெளியே வரும்போது செல்வக்குமார் என் காதோரம் மெதுவாகச் சொன்னார். "இனிமே இந்தப் பக்கம் வந்துறாத. எந்தக் கிரஷர்லயும் உனக்கு வேலை கெடைக்காது, பாத்துக்க."

செய்யக்கூடியவர்தான். தலையாட்டிவிட்டு நடந்தேன்.

முத்துத்தாய் ரோட்டோரம் எனக்காக நின்றிருந்தாள். பஸ் வருவதற்கு நேரம் இருந்தது. மண் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். அந்த இரண்டு நாளில் முதன்முதலாக அவள் முகத்தில் ஏதோ ஒன்று லேசாகியிருந்தது.

"அண்ணே, கடைசியா நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. யாருமில்லாம அனாதையாச் செத்தாருன்னுதான் நெனச்சு நெனச்சு அழுதுக்கிட்டிருந்தேன். உள்ள போறதுக்கு முந்தி என்னண்ணே சொன்னாரு?"

உள்ளது இதுதான் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி கேட்டான் ஆத்தா" என்றேன்.

"குடுத்தீங்களாண்ணே?"