வாசிக்க வந்தவர்களுக்குத் தேநீர்

சிகாமட்டில் இருக்கும் குணாளனின் வலைப்பூவை யார் வாசித்தாலும், வாசித்து முடிக்கும்வரை அவர் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். கைப்பேசியோடு வருவார்கள், முடித்ததும் மறைந்து அவரவர் இடத்துக்கே போய்விடுவார்கள். தலைப்பை மட்டும் பார்க்கிறவர்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டுப் போவார்கள். சம்பால் செய்முறை தேடியவர்கள் நேராக அடுப்படிக்குள் நுழைவார்கள். மிளகாய்க்கு முன்னால் அவர் தன் மூட்டுவலியைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். மனைவி புஷ்பவள்ளி முதல் மாதம் பயந்தார், இரண்டாம் மாதம் பெரிய தேநீர்க் கெண்டி ஒன்று வாங்கினார். தீபாவளிக்கு ஊருக்கே கதவைத் திறந்துவைக்கிற பழக்கம் இருப்பதால், அக்கம்பக்கத்தார் இதை ஆண்டு முழுவதும் நடக்கிற திறந்த இல்ல உபசரிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டால் குணாளன் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார். கோயில் தலைவரிடம் தமிழ் வளர்க்க என்றார். டாக்டரிடம் இரத்த அழுத்தம் குறைய என்றார். அத்தனையும் சும்மா. பாலோவில் இருக்கும் அக்கா யோகேஸ்வரிக்குத் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை, வெற்றிலைத் தட்டோடு நேரில் போய் வைக்காமல், வாட்சாப்பில் அனுப்பிவிட்டார். அதுவும் குடும்பக் குழுவில், எல்லாரோடும் சேர்த்து. மணப்பெண்ணின் சொந்த அத்தைக்கு. யோகேஸ்வரி கல்யாணத்துக்கு வரவில்லை. அதன்பிறகு போனை எடுக்கவில்லை, தேடிப் போனால் கேட்டைத் திறக்கவில்லை. தாயில்லாமல் வளர்ந்த தன்னைத் தூக்கி வளர்த்தவளின் குரலைக் கேட்காமல் குணாளன் உள்ளுக்குள் இடிந்துபோனார். என்றாவது வாசிப்பாள் என்றுதான் மீன் விலை, ரயில் தாமதம் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் மூன்று வருடமாக எழுதித் தள்ளினார்.

ஒரு ஞாயிறு காலை, ஆற்று வெள்ளம் பற்றிய கட்டுரைக்கு யோகேஸ்வரி வந்தாள். மூக்குக் கண்ணாடியோடு ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள். குணாளன் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக ஓடினார். புஷ்பவள்ளிதான் வெற்றிலைத் தட்டை எடுத்துக் கொடுத்தார்.

"அக்கா, பேத்திக்குக் காது குத்துறோம். நீங்கதான் முன்ன நின்னு நடத்தணும்," என்றார் குணாளன்.

அவள் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அழைக்கிறதுக்கு நீதான் என் வீட்டுக்கு வரணும். நான் உன் வீட்டுல வந்து உக்காந்திருக்கேன். என்னா முறை லா இது?"

குணாளன் தட்டோடு நின்றார். அவள் கடைசிப் பத்திக்கு வந்துவிட்டாள். கட்டுரையில் வெள்ளத்தை இன்னும் கொஞ்சம் உயர விட்டிருக்கலாமே என்று அவர் நொந்துகொண்டார். கடைசி வரியில் அவள் விரல் நின்றது. பிறகு திரையை மேலே தள்ளி, தலைப்பிலிருந்து மறுபடியும் வாசிக்கத் தொடங்கினாள்.

"என் வீட்டுக் கேட்ட இன்னிக்குப் பூட்டல," என்றாள்.

புஷ்பவள்ளி அவளுக்குத் தேநீர் வைத்தார். குணாளன் தட்டைக் காரின் முன் இருக்கையில் வைத்துப் பாலோவுக்குக் கிளம்பினார். அக்கா எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள், வீடு திரும்ப நேரமாகும் என்பதால், அவரும் நிதானமாகவே ஓட்டினார்.