கதவுப் பக்கம் வெட்டுத்துண்டு

கண்ணாடியின் மேல் மூலையில் ஹேர் டிரையரைக் காட்டிக்கொண்டு நின்றான். பின்னாலிருக்கும் பசை இளகினால்தான் நைலான் கயிறு உள்ளே இறங்கும். உடைந்தாலும் சிதறாமலிருக்க முழுக்க டேப் ஒட்டியிருந்தான். இதுதான் கடைசிக் கண்ணாடி. மற்றவை வெளியே, கேரவனின் சக்கரத்தில் சாய்ந்து நின்றன.

கயிற்றை இரு கையாலும் ரம்பம்போல் இழுத்தான். கண்ணாடி கழன்று வந்தது. கூடவே சுவர்ப் பலகையின் மேல்தோலும்.

"சுவரையும் சேத்து உரிச்சிட்டியா?" என்று கட்டிலிலிருந்து கேட்டாள் மனைவி.

"லேசா. டைல் வந்தா மறைஞ்சிடும்."

கல்யாணமானதிலிருந்து அந்தப் பழைய கேரவன்தான் அவர்கள் வீடு. பின்னால் கட்டில், நடுவில் சமையலறை, அதையொட்டிக் கதவு. இடம் பெரிதாகத் தெரியவேண்டும் என்று, விற்றவர் அடுப்புக்குப் பின்னால் கண்ணாடியாக ஒட்டி வைத்திருந்தார். "ரெண்டு தட்டு கழுவினா நாலாத் தெரியுது, மலைப்பா இருக்கு" என்று வந்த அன்றே சொன்னாள். மாத்திடலாம் மாத்திடலாம் என்றே நாட்களை ஓட்டிவிட்டான். அவள் நோய்க்கு இனி வைத்தியம் இல்லை என்றான பிறகு வண்டியை அவள் அம்மா வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வீட்டுக்குள் வர அவள் சம்மதிக்கவில்லை. நேற்று நர்ஸ் அவனைத் தனியே கூப்பிட்டு, நாளைக்கு என்று எதையும் தள்ளிப்போடாதீர்கள் என்றாள். அவன் நேரே டைல் கடைக்குப் போனான்.

அத்தை பால் தம்ளரோடு ஏறி வந்தாள். "மாப்பிள்ளை, படுத்திருக்கறவளுக்கு முன்னாடி இந்த இடி தேவையா?"

"தேவைதாம்மா," என்ற மனைவி அவனிடம், "டேய், சிமெண்ட் எங்க?" என்றாள்.

"மாப்பிள்ளைய டேய்ங்காதடி."

"சரி. டேய் மாப்பிள்ளை, சிமெண்ட் எங்க?"

அத்தை சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சிமெண்ட் வண்டி குலுங்கினா விண்டுடும். இந்தப் பசை ரப்பர் மாதிரி இழுத்துக் கொடுக்கும்," என்றான்.

"இந்த டைல் நான் சொன்ன பச்சை இல்ல."

"கடையில இதான் இருந்துச்சு."

"இருக்கட்டும். நான் சொன்னதுல எண்ணெய்ப் பிசுக்கு தெரியும்."

கட்டிலுக்குப் பக்கத்து முனையில் பசை தடவி, முதல் டைலை வைத்தான்.

"நாம பாத்த டைல் வீடியோல நடுவுலேர்ந்துதானே ஆரம்பிச்சாங்க?"

"அது அவங்க சுவரு."

"இங்கேர்ந்து வச்சா வெட்டுத்துண்டெல்லாம் கதவுகிட்டப் போயிடும். உள்ள வர்றவங்க கண்ணுல அதானே மொதல்ல படும்?"

"படட்டும்."

முழு டைல்கள் ஒவ்வொன்றாக அவள் பக்கத்திலிருந்து வரிசை கட்டின.

"நேரா இருக்கு," என்றாள்.

வெயில் ஏற ஏற அவள் பேச்சு குறைந்தது. ஒருமுறை அவள் மூச்சு இழுத்த விதம் சரியாகப் படாததால், கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலோரம் போய் உட்கார்ந்தான்.

"எழுந்திரு. மூஞ்சியப் பாத்துட்டு உக்காராத."

"சும்மாதான்."

"நீ வேல செய்யறதப் பாத்துட்டிருக்கறது நல்லாருக்கு. போ."

போனான். அடுப்புக்கு மேலே முடிந்தது. தண்ணீர்க் குழாய்க்கு மேலே முடிந்தது. முழு டைல்கள் தீர்ந்து, கதவோரம் விரலகலச் சந்து மீதியிருந்தது. துண்டுகளை வெட்டி எடுத்து, சந்தில் பசையைத் தடவினான்.

"வெட்டின பக்கத்த ஓரமாப் போட்டுடவா?"

கேட்டுக்கொண்டே திரும்பினான். அத்தை கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைத் தன் மடியில் வைத்திருந்தாள். அவள் கண்கள் பாதி மூடி, சுவர்ப் பக்கமாகவே இருந்தன.

"இப்பத்தான், மாப்பிள்ளை," என்றாள் அத்தை.

நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, இறந்த நேரத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அத்தை மகளின் முகத்தைத் துடைத்து, தலையை வாரிவிட்டாள். அவன் எங்கே நிற்பதென்று தெரியாமல் அடுப்படியிலேயே நின்றான்.

"இன்னும் எவ்வளவு பாக்கி?" என்று கேட்டாள் அத்தை.

"இந்த ஓரம் மட்டும்."

"முடிச்சிடுங்க. யாராவது வந்தா நான் பேசிக்கறேன்."

தடவிய பசை காய்ந்திருந்தது. சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினான். அத்தை துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

கடைசித் துண்டை அவன் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தபோது உடலை எடுத்துப்போக ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் ஏறி வந்தார்கள். அவளைப் போர்த்திப் படுக்கவைத்துக்கொண்டு திரும்பும்போது வழி போதவில்லை.

"சார், கொஞ்சம் வெளிய எறங்கிக்கறீங்களா?"

"கைய எடுத்தா நழுவிடும்," என்றாள் அத்தை. "அவரு நிக்கட்டும். நீங்க கொஞ்சம் சாய்ச்சு எடுங்க."

அவன் வயிற்றை எக்கி, சுவரோடு ஒட்டி நின்றான். போர்வைக்குள்ளிருந்து அவள் தோள் அவன் முதுகை உரசிக்கொண்டு கடந்தது. படியில் பார்த்து, பார்த்து என்று வெளியே ஒருவர் சொன்னார். வண்டி லேசாக ஆடி நின்றது.

துண்டு பிடித்துவிட்டதா என்று பார்க்க, ஒரு விரலை மட்டும் தூக்கினான்.