தூண்டில் விடை

கேள்விக்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்தவள் அண்ணி. வேலையிலிருந்து வந்து கைப்பையை மாட்டுவதற்குள் அடுப்படி வாசலில் நின்று எதையாவது கேட்டுவிடுவாளே, அந்தப் பழக்கத்துக்கு வைத்த பெயர். அண்ணியும் சளைத்தவளல்ல. வெங்காயம் அரிந்தபடியே பதில் சொல்வாள்.

“நாற்காலிக்கு உட்கார்றதுன்னா, கட்டிலுக்கு என்ன அண்ணி?”

“துணி மடிக்கிறது.”

“தூங்குறது இல்லையா?”

“உங்க அண்ணனைக் கேளு, தூங்குறதுன்னு சொல்வார். நான் அதுல துணிதான் மடிக்கிறேன்.”

கேள்விக்காரி வயிறு வலிக்கச் சிரிப்பாள். “பிரமாதம் அண்ணி! உங்களை அடிச்சுக்க ஆளே இல்ல” என்பாள். அண்ணிக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும். கல்யாணமானதிலிருந்து அந்த வீட்டில் அவளை யாரும் எதற்கும் பிரமாதம் என்று சொன்னதில்லை.

பாராட்டு பொய்யில்லை. எதற்காகப் பாராட்டினாள் என்பதைத்தான் அவள் சொன்னதில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வுகளுக்குக் கேள்வி தயாரிக்கும் அலுவலகத்தில் சொல் ஒப்புமைப் பகுதி அவள் பொறுப்பு. பூட்டுக்குச் சாவி என்றால் இதற்கு எது என்று கேட்டு, கீழே நான்கு விடை கொடுக்க வேண்டும். சரியான விடையை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். தவறான மூன்றை எழுதுவதற்குள்தான் பிராணன் போய்விடும். பார்த்ததுமே தவறு என்று தெரிந்தால் கேள்வி வீண். பாதிப் பேராவது இதுதானோ என்று மயங்கிப் போய்க் கொத்த வேண்டும். அந்த அறையில் அதற்குத் தூண்டில் என்று பெயர். எவரும் கொத்தாத தூண்டிலை மேலாளர் சிவப்பு மையால் அடித்துவிடுவார்.

கேள்விக்காரியின் தூண்டில்கள் மட்டும் அடிபட்டதே இல்லை. “எப்படிம்மா உனக்கு இப்படித் தப்பு தப்பா யோசிக்க வருது?” என்று மேலாளரே வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். அவள் சும்மா சிரித்து வைத்தாள். தப்பாக யோசிக்கிற ஆளை வீட்டிலேயே வைத்திருக்கிறேன் என்றா சொல்ல முடியும்? ரகசியக் காப்பு விதியையும் அவள் மீறவில்லை. கேள்வி எழுதுவதுதான் தன் வேலை என்று வீட்டில் சொன்னதே இல்லை. வீட்டில் ஜன்னல் என்று கேட்டால் வினாத்தாளில் கதவு என்று மாற்றிவிடுவாள். அண்ணியின் சொல்லை எடுக்கமாட்டாள், சொல்லுக்குச் சொல் தாவிப் போகும் வழியை மட்டும் எடுத்துக்கொள்வாள். இதில் என்ன குற்றம் என்றுதான் நினைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“நான் ஒரு பரீட்சை எழுதினேன். நூலகத்துல உதவியாளர் வேலைக்கு.”

அண்ணன் சாப்பிட்ட கையோடு நிமிர்ந்தான். “நீயா?”

“ஏன், நான் எழுதினா பேனா ஓடாதா?” என்று அவன் வாயை அடைத்துவிட்டு அண்ணி நாத்தனாரின் பக்கம் திரும்பினாள். “உன்கிட்டகூடச் சொல்லல. தேறிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். எல்லாம் நீ கொடுத்த தைரியம்தான். நீதானே என்னை அடிச்சுக்க ஆளில்லன்னு சொல்வே? அந்த ஒப்புமைப் பகுதியைப் பார்த்ததும் எனக்கு ஒரே குஷி. நம்ம விளையாட்டு மாதிரியே இருந்துச்சு. அது அல்வா மாதிரின்னு நினைச்சு, கணக்குக்குக்கூட அவ்வளவு படிக்கல.”

கேள்விக்காரி கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தாள். நூலகத் தேர்வின் ஒப்புமைப் பகுதி முழுக்க அவள் எழுதியது.

“அப்புறம்?” என்றாள்.

“விடை வெளியிட்டிருக்காங்க. கணக்கு பரவாயில்ல. அந்தப் பகுதிதான் மொத்தமா காலை வாரிடுச்சு. நான் போட்டது அத்தனையும் தப்பு. அத்தனையும்! யாரோ என் மண்டைக்குள்ள உட்கார்ந்து எழுதின மாதிரி இருக்கு.” அண்ணி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “ஒரு கேள்விக்கு மட்டும் ஆட்சேபம் போட்டிருக்கேன். குடைக்கு மழைன்னா கதவுக்கு என்னன்னு கேட்டிருந்தாங்க. நான் விருந்தாளின்னு போட்டேன். அவங்க திருடன்கிறாங்க. மழை வந்தா குடையை விரிக்கிறோம், விருந்தாளி வந்தா கதவைத் திறக்கிறோம். சரிதானே? அது ஒண்ணு கிடைச்சாலே நான் தேறிடுவேன்.”

சரிதான். மழையைக் குடை தடுக்கிறது, திருடனைக் கதவு தடுக்கிறது என்பது எவ்வளவு சரியோ அவ்வளவு சரி. எழுதும்போதே அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான், அருமையான தூண்டில் என்று உச்சிகுளிர்ந்து போய் எழுதினாள். இப்போது தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் ஆட்சேபங்கள் வந்திறங்கின. பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். கதவுக் கேள்விக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான். உறவுக்காரர் யாராவது தேர்வு எழுதியிருந்தால் உடனே மேலாளரிடம் சொல்லி ஒதுங்கிக்கொள்ள வேண்டும், அதுதான் விதி. அவள் எழுந்து அவருடைய மேசை வரைக்கும் போனாள்.

“என்னம்மா?”

“அந்தக் கதவுக் கேள்விக்கு ஒரு ஆட்சேபம்…”

“ஏத்துக்கிற மாதிரி இருக்கா? இருந்தா சொல்லு, ரெண்டு விடைக்கும் மதிப்பெண் போட்டுடலாம். ஆனா கேள்வி கோளாறுன்னு உன் பேர்ல பதிவாகும். உன்னை நிரந்தரமாக்கற சமயம். யோசிச்சுக்கோ.”

அவள் யோசித்தாள். சொந்தக்காரிக்குச் சலுகை காட்டுவது தப்பில்லையா, மற்றவர்களுக்குத் துரோகமில்லையா என்றெல்லாம் யோசித்தாள். பயத்துக்கு நேர்மை என்று பெயர் சூட்டுவது எவ்வளவு சுலபம்! அதே பதிலைப் போட்ட இன்னும் எத்தனையோ பேருக்கும் மதிப்பெண் பறிபோகிறது என்பது மட்டும் அவள் யோசனையில் வரவே இல்லை. திரும்பிப் போய் உட்கார்ந்து, “ஏற்க இயலாது. இங்கு முதன்மையான உறவு தடுத்தல்” என்று தட்டச்சு செய்தாள். ஒரு எழுத்துப்பிழைகூட வரவில்லை. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பதில் வந்த அன்று அண்ணி அதை ஒருமுறை படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அண்ணன் “விடு, உனக்கெதுக்கு இந்த வீண் வேலை” என்றான். வழக்கமாக இதற்கெல்லாம் அண்ணி அவனைப் பிடிபிடியென்று பிடித்துவிடுவாள். இப்போது “ஆமாங்க” என்றாள்.

அந்த ஆமாங்கவைக் கேள்விக்காரியால் தாங்க முடியவில்லை. அடுத்த நாளும் அண்ணி அப்படியேதான் இருந்தாள். ரேடியோ போடவில்லை. எதிர் வீட்டுக்காரி சாயங்காலம் வந்து, தன் மகளை எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று யோசனை கேட்டாள். “எனக்கென்னங்க தெரியும்? நான் யோசிக்கிறதெல்லாம் ஏறுக்கு மாறா இருக்கும். படிச்சவங்களைக் கேளுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். சொன்னதில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. நம்பித்தான் சொன்னாள். கேள்விக்காரிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அவள் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

“அண்ணி, அந்தக் கேள்வியெல்லாம் நான் எழுதினது.”

அண்ணி பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, “எந்தக் கேள்வி?” என்றாள்.

“பரீட்சைக் கேள்வி. நீங்க ஆட்சேபம் போட்டதும் என்கிட்டதான் வந்துச்சு. இயலாதுன்னு எழுதினதும் நான்தான். நீங்க சொன்னது சரின்னு தெரிஞ்சே எழுதினேன். என் வேலை போயிடுமோன்னு பயம்.”

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி அதை மூடினாள். அவள் கத்தினால் தேவலை என்று கேள்விக்காரிக்கு இருந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டால் அழுதாவது தீர்த்துவிடலாம்.

“இன்னும் முடிவு வரல அண்ணி. நாளைக்குக் காலையில முதல் வேலையா மேலாளர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். வேலை போனா போகட்டும்.”

“சொல்லு” என்றாள் அண்ணி. “சொல்லத்தான் வேணும். நான் ஒருத்தி மட்டும் அப்படிப் போட்டிருக்கமாட்டேன்.” பிறகு ஏதோ கணக்குப் பார்ப்பவளைப் போல நின்றாள். “அந்தப் பகுதியில நான் போட்டது அத்தனையும் தப்பாச்சே. அது எப்படி?”

மறைக்க இனி என்ன இருக்கிறது? தூண்டிலைப் பற்றிச் சொன்னாள். ஜன்னலைக் கேட்டுக் கதவை எழுதியதைச் சொன்னாள். தினமும் வந்து நின்று கேட்டது எதற்கென்று சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது, அதைத் துடைத்துக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது. அண்ணி ஈரக் கையைத் துடைக்காமல், கடைசி வரைக்கும் கேட்டாள்.

“வேலை கிடைச்சாலும் கிடைக்காட்டாலும் அதை விடு” என்றாள். “சாயங்காலமானா நீ வர்ற நேரத்துக்குக் காத்திருப்பேன். இந்த வீட்டுல வந்து நின்னு என்னை ஒண்ணு கேக்கற ஆள் நீ மட்டும்தானே? நான் என்னமோ, நீ என்கூடப் பேசறேன்னு நினைச்சிட்டிருந்தேன்.”