பதினாறு கட்டாயங்கள்

சலவை நிலையத்தில் அவளுக்கு டபுளக்கா என்று பெயர். வைத்தவர் யார் என்பது எவருக்கும் நினைவில்லை. வைத்த காரணம் எல்லாருக்கும் தெரியும். அவள் எதையும் இரண்டு மடங்காகவே கேட்பாள். இருபது மூட்டைச் சோப்புத்தூள் வேண்டுமென்றால் நாற்பது என்று எழுதுவாள். இரண்டு நாள் விடுப்புக்கு நான்கு நாள் கேட்பாள். கேட்பதில் பாதியை மேலே இருப்பவர் எவரேனும் வெட்டியே தீருவர் என்பது முப்பதாண்டு உழைப்பில் அவள் கண்டு தெளிந்த உண்மை. கேட்டதை முழுதாகக் கொடுத்து அவளை இக்கட்டில் மாட்டிவிட்டவர் அதுவரை ஒருவரும் இலர்.

மருத்துவமனைகளின் விரிப்புகளும் உறைகளும் அந்நிலையத்தில் வெளுக்கப்பட்டன. அத்தனை இயந்திரங்களுக்கும் நீராவி தருவது பின்கட்டில் இருந்த பாய்லர். சான்றிதழ் பெற்றவர் ஒருவர் அருகில் நில்லாமல் அதை எரியவிடக் கூடாது. அதைக் கவனித்துவந்தவர் ஓய்வு பெற்றுப் பத்து வாரமாகிவிட்டது. அவருக்குப் பின் சான்றிதழ் வைத்திருந்தவள் மேற்பார்வையாளராகிய டபுளக்கா ஒருத்தியே. ஆகவே அவள் பாய்லரையும் பார்த்தாள், ஐம்பது பெண்களையும் பார்த்தாள், இடையிடையே வலது விலாவின்கீழ்க் கையை அழுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள்.

பித்தப்பையில் கல். அறுவைக்குக் குறித்த நாளை இருமுறை தள்ளிப்போட்டாயிற்று. மூன்றாவதாகக் குறித்தது இம்மாதம் இருபத்திரண்டாம் தேதி. “இன்னொரு தடவை தள்ளினா நான் தேதி குறிக்க வேண்டியதே இல்ல, கல்லே குறிச்சுக்கும்” என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

“ஊரெல்லாம் ரெண்டு மடங்கு கேக்கிறவ, சொந்த உடம்புக்கு ஒரு நாள் கேக்க மாட்டேங்கிறியே” என்று கணவர் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டே குத்திக்காட்டினார்.

“ஆள் வந்தா போறேன்.”

“ஆள் எங்கேருந்து வருவான்? நீ கேக்கிற ஆளைச் செஞ்சுதான் எடுக்கணும்.”

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முன்பெல்லாம் ஆள் வேண்டுமென்றால் ஏஜெண்ட் அண்ணனுக்கு ஒரு போன் போதும். அவள் பதினைந்து ஆண்டு அனுபவம் கேட்பாள். “தங்கச்சி, அந்த ஆள் இன்னும் பொறக்கல. இந்த ஆளைப் பாரு” என்று சொல்லி, ஆறு ஆண்டு அனுபவமுள்ள ஒருவரை அனுப்பிவைப்பார். இரண்டு பேருக்கும் திருப்தி. அவருடைய கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று நிர்வாகம் இவ்வாண்டு அவரை நிறுத்திவிட்டது. வருகிற விண்ணப்பங்களைச் சலித்துத் தரும் வேலையை எங்கோ தொலைவிலிருந்த ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. பதினாறு தகுதிகளைக் கேட்கும் படிவம் ஒன்றை அவள் நிரப்பி அனுப்பினாள். அதன்பின் வாரந்தோறும் ஒரே மாதிரிக் கடிதம் வந்தது: ‘பரிசீலித்தவை நாற்பத்து மூன்று. தேறியவை இல்லை.’ அடுத்த வாரம் முப்பத்தெட்டு. தேறியவை இல்லை.

“நாற்காலியில உக்காந்துகிட்டு தூங்குறாங்க போல” என்று அவள் பல்லைக் கடித்தாள். எவர்மேல் எரிந்துவிழுவது என்று தெரியாமல் இஸ்திரிப் பகுதிப் பெண்கள்மேல் எரிந்துவிழுந்தாள்.

ஒன்பதாம் தேதி முற்பகலில் வாயிற்காவலர் யாரோ ஒருவரை அழைத்துவந்தார். நாற்பது வயதிருக்கும், ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் ஏழாண்டு பாய்லர் பார்த்தவர். அத்தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டதாம்.

“மூணு தடவை விண்ணப்பம் போட்டேன் அக்கா. மூணு தடவையும் இல்லைன்னு பதில். என்ன குறைன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

சான்றிதழ் சரியாக இருந்தது. அவள் அவரைப் பாய்லர் அறைக்குக் கூட்டிச்சென்றாள். அவர் எதையும் தொடவில்லை. சிறிது நேரம் அதன் ஓசையைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

“பம்பு காத்து இழுக்குது அக்கா. குழாய் மூட்டுல எங்கேயோ இடுக்கு விட்டிருக்கு. மட்டம் காட்டுற கண்ணாடியில பாருங்க, தண்ணி ஆடுது.”

நான்கு நாளாக அந்த ஓசைதான் அவளை உறுத்திக்கொண்டிருந்தது. இன்னதென்று அவளால் சொல்ல முடியவில்லை. இவர் வந்து நின்ற ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். இப்படிப்பட்ட ஆளையா மூன்றுமுறை தள்ளினார்கள்? அவரை வாயிலருகே உட்காரவைத்துவிட்டு, அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவள் ஓர் இளம்பெண்.

“ஏம்மா, நீங்க விண்ணப்பத்தைப் படிக்கிறீங்களா, இல்ல எடை போடுறீங்களா?”

“படிக்கிறோம் மேடம். ஒண்ணுக்கு ஒண்ணரை நிமிஷம்.”

“ஏழு வருஷ அனுபவம் உள்ளவரை எதுக்குத் தள்ளினீங்க?”

விசைகள் தட்டப்படும் ஓசை கேட்டது. “உங்க படிவத்தைப் படிக்கிறேன் மேடம். அனுபவம் பதினைந்து வருஷம், கட்டாயம். மூணு மொழி எழுதப் படிக்க, கட்டாயம். லாரி ஓட்டும் உரிமம், கட்டாயம். கணினிப் பயிற்சி, கட்டாயம். வயசு முப்பத்தஞ்சுக்குள்ள, கட்டாயம்.”

“எல்லாத்தையும் படிக்க வேண்டாம்.”

“பதினாறும் கட்டாயம்னு குறிச்சிருக்கீங்க மேடம்.”

“குறிச்சா? நீங்க கொஞ்சம் குறைச்சுப் பாக்க மாட்டீங்களா?”

“குறைக்க எங்களுக்கு அனுமதி இல்ல. எனக்கே சந்தேகம் வந்து, ‘எல்லாமே கட்டாயந்தானா’ன்னு ரெண்டு தடவை மெயில் போட்டேன். ‘ஆமாம்’னு உங்க பேர்ல பதில் வந்திருக்கு.”

அதுவும் உண்மை. பேரத்தைத் தொடங்குகிறார்கள், இப்போதே இறங்கிவிடக் கூடாது என்று எண்ணித்தான் ‘ஆமாம்’ என்று எழுதியிருந்தாள். லாரி உரிமம் எதற்கு என்று அவளுக்கே தெரியாது. கட்டம் காலியாக இருந்தது, குறித்துவிட்டாள். இருநூறு பேருக்குமேல் எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள்.

“சரிம்மா, வெச்சுடு” என்றாள். நேரே மேலாளர் அறைக்கு நடந்தாள்.

மேலாளர் அவளைவிடப் பதினெட்டு வயது இளையவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“படிவத்தை மாத்தினா மறுபடி விளம்பரம், மறுபடி சலிக்கிறது. மூணு வாரம் ஆகும். அந்த மூணு வாரமும் நீங்க இங்க இருந்தாகணும்.”

“வாசல்ல உக்காந்திருக்கிறவரை இன்னிக்கே எடுத்தா என்ன சார்?”

“முறை மீறி எடுக்கணும்னா காரணம் வேணுமே. அவங்க சரியாச் சலிக்கலைன்னு ஒரு புகார் எழுதிக் குடுங்க. நாளைக்கே எடுத்துடலாம். நீங்களும் நிம்மதியா ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.”

“அந்தப் பொண்ணை என்ன செய்வாங்க?”

“எந்தப் பொண்ணு?”

“போன்ல பேசினது.”

“அது அவங்க பாடு அக்கா. உங்க பேரும் கெடாது.”

வலி விலாவிலிருந்து முதுகுக்கு ஓடிற்று. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எழுதுவதற்கு நான்கு வரி போதும். ஏஜெண்ட் அண்ணனாக இருந்தால் இந்நேரம் சிரித்துக்கொண்டே பழியை ஏற்றிருப்பார். இந்தப் பெண்ணோ எழுதியதை எழுதியபடி நம்பினாள். நம்பியதற்காகவே மாட்டிக்கொள்ளப் போகிறாள். நினைக்க நினைக்க டபுளக்காவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. மேலாளர்மேலும் பொங்கியது.

தாளை எடுத்துக்கொண்டு பாய்லர் அறைக்குச் சென்று எழுதினாள். திரும்பிவர அரைமணி நேரமாயிற்று. மேலாளர் வாங்கிப் படித்தார். முகம் சுருங்கியது.

“என்னக்கா இது? தப்பு உங்களோடதுன்னு எழுதியிருக்கீங்க.”

“என்னோடதுதான். புதுப் படிவமும் அடியில இருக்கு. சான்றிதழ் வேணும், அஞ்சு வருஷம் பாய்லர் பாத்திருக்கணும். வேற எதுவும் வேண்டாம். அந்தப் பொண்ணுக்கும் போன்ல படம் எடுத்து அனுப்பிட்டேன்.”

“அப்ப மூணு வாரம் இருக்கீங்கதானே?”

“இல்ல சார். வாசல்ல இருக்கிறவரைத் தற்காலிகமா எடுக்கிறதும் துணியை வேற இடத்துக்கு அனுப்புறதும் உங்க இஷ்டம். இருபத்தொண்ணாம் தேதி சாயங்காலம் பாய்லரை அணைச்சுட்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்.”