மேலக்கரைப்பட்டியின் ஒன்பது சீட்டுகள்

எந்தக் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டேன் என்பதில் எனக்கே சந்தேகம் இருக்கிறது. ‘சேரலாம்’ என்ற கட்டத்தில்தான் போட்டேன் என்று பல வருடங்கள் நம்பிவந்தேன். பென்சில் மொட்டையாக இருந்தது, தாளை மறைக்க இடது கையை வளைத்துக்கொண்டேன், அதெல்லாம் நினைவிருக்கிறது. குறி மட்டும் நினைவில் இல்லை.

அறுபத்தெட்டாம் வருடம். எங்கள் மேலக்கரைப்பட்டியிலிருந்து அருப்புக்கோட்டை மூன்று மைல். ஊர்க் கிணறுகளில் உப்புத் தண்ணீர். முனிசிபாலிடியோடு ஊர் சேர்ந்தால் குழாய் வரும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஒன்பது பேரில் ஆறு பேர் சம்மதிக்க வேண்டும் என்றார்கள். என் மைத்துனர் சென்னய்யாவையும் என்னையும் சேர்த்துக் கதர்க்கட்சியில் நான்கு பேர். அருஞ்சுனையோடு சேர்த்துக் கறுப்பு சிவப்புக் கரைவேட்டி நான்கு பேர். ஒன்பதாவது ஆள் லிங்கம்மாள் அக்கா. எந்தக் கட்சியும் இல்லை. அவள் மகள் முத்துமணி எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு, தினமும் விடிந்ததிலிருந்து பந்தல்குடி ரோட்டுக் கிணற்றில் நல்ல தண்ணீருக்குக் காத்துக் கிடந்தாள். குழாய் வந்தால் அவளை டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம். அக்காவுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

முதலில் சென்னய்யா தீர்மானம் கொண்டுவந்தார். அருஞ்சுனை ஆட்கள் கையைத் தூக்கவில்லை. அடுத்த மாதம் அருஞ்சுனை அதே தீர்மானத்தை வரி மாறாமல் கொண்டுவந்தார். நாங்கள் தூக்கவில்லை. இரண்டு முறையும் ஐந்து கை. இரண்டிலும் இருந்தது அக்காவின் கை மட்டும்.

“எனக்குத்தான் தோள்பட்டை வலிக்குது,” என்றாள். “உங்களுக்கெல்லாம் கையில என்ன, சுளுக்கா?”

தாலுகா அதிகாரி ஒரு வழி சொன்னார். யார் பெயரும் இல்லாத தீர்மானம், ரகசிய ஓட்டு. அக்கா அன்றே டவுனுக்குப் போய் மகளுக்கு ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கி வந்தாள்.

ஓட்டுக்கு முந்தைய நாள் சென்னய்யா எங்களைக் கோயிலுக்குக் கூப்பிட்டுக் கற்பூரம் ஏற்றினார்.

“அதிகாரி அவனுக கவர்மெண்டு ஆளு. ஊரு சேந்துட்டா குழாயில அவனுக கொடியத்தான் கட்டுவானுக. வேண்டாம்னு போடுறோம்னு சத்தியம் பண்ணுங்க.”

“மொதல்ல குழாய் கேட்டதே நாமதான மச்சான்?”

“நாம கேட்டப்ப கையத் தூக்குனானுகளா மாப்ள? அணைங்க.”

உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தேன். அதே நேரம் அருஞ்சுனை வீட்டிலும் கற்பூரம் எரிந்தது என்று பிறகு தெரிந்தது. முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சென்னய்யா, பேர் அவருக்குப் போய்விடும் என்பது அவர்கள் பயம்.

பெட்டியைத் திறந்தார்கள். சேரலாம், ஒன்று. வேண்டாம், எட்டு.

எல்லோரும் போன பிறகும் அக்கா பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் அருகில் போனேன்.

“நான் சேரலாம்னுதான் போட்டேன்க்கா.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப என் சீட்டு எங்க தம்பி?”

 

முத்துமணி அதன்பின் பள்ளிக்கூடம் போகவில்லை. எழுபத்திரண்டில் திருச்சுழிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள், அங்கேயும் கிணற்றுத் தண்ணீர்தான். அக்கா எழுபத்தைந்தில் இறந்தாள். அதிகாரி மாற்றலாகிப் போனார். சென்னய்யாவும் அருஞ்சுனையும் இப்போது ஒரே கட்சியில் இருக்கிறார்கள். நான் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஊர் இன்னும் டவுனோடு சேரவில்லை.