டிராக்டர் வந்த வேகம்

சீர்காழி தந்தி ஆபீஸின் மேஜையில் சாய்ந்தபடி வைரக்கண்ணு மூன்றாவது முறையாக 'டிராக்டர்' என்று இங்கிலீஷில் எழுதிவிட்டு, அதற்கு ஒரு புது வார்த்தை கிடைக்காமல் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான். செய்தி சின்னதுதான். அறுவடைக்கு வெளியூர் ஆட்களை ஏற்றிவந்த மிராசுதாரின் டிராக்டர் வாய்க்காலில் கவிழ்ந்துவிட்டது. ரெங்கம்மாள் என்ற பெண் டிராக்டர் பின்னால் இழுத்துவந்த பெட்டிக்கு அடியில் சிக்கிச் செத்துப்போனாள். ஓட்டியவர் அவன் தெருக்காரரான செல்லதுரை. காலையில்தான் அவன் சைக்கிளில் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை, கூடவே மெட்ராஸ் இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றுக்குப் பகுதிநேர நிருபர். அவன் தெருவிலிருந்து பி.ஏ. முடித்த முதல் ஆள் அவன்தான். அந்தப் பெருமையைத் தெருவைவிட அவன்தான் அதிகமாகச் சுமந்துகொண்டு திரிந்தான். ஆட்சி மாறியிருந்தது, மிராசுதார்களில் பாதிப் பேர் கதர்த் துண்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் கரைவேட்டிக்கு வந்திருந்தார்கள். நெல்லறுப்புக் கூலி மட்டும் மாறவில்லை. சங்கத்துக் கொடி பிடித்தவர்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று உட்கார்ந்தால், போலீஸ் காவலோடு வெளியூர் ஆட்கள் வந்து இறங்கினார்கள். இதையெல்லாம் அவன் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினான். மெட்ராஸில் அதை இரண்டு வரியாக்கிப் போட்டார்கள், பல நாள் அதுவும் இல்லை.

இந்தச் செய்தி வந்தே ஆக வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. ஒரு பொம்பளை செத்திருக்கிறாள். டிராக்டர் வந்தது, சரிந்தது என்று எழுதினால் எவன் போடுவான்? ஒரு செய்தியில் ஒரே வார்த்தையை இரண்டு தடவை எழுதுவது கஞ்சத்தனம் என்று காலேஜில் ஆசிரியர் சொன்னதை அவன் வேதமாக வைத்திருந்தான். வேகமாகப் போவதற்கு மட்டும் அவனிடம் கைநிறைய வார்த்தைகள் இருந்தன. ஸ்பீடிங் என்றால் வெறும் வேகம். ஹர்ட்லிங் என்றால் விட்டெறிந்த கல் வருகிற வரத்து. கேரீனிங் என்றால் ஒருபக்கமாகச் சாய்ந்து சாய்ந்து தறிகெட்டு ஓடுவது. ரன்அவே என்றால் ஓட்டுகிறவன் கையை விட்டே போய்விட்டது என்று அர்த்தம். மிட்டாய்க் கடைக்காரன் பாட்டில் பாட்டிலாக அடுக்கிவைப்பது போல அவற்றை மனசுக்குள் அடுக்கிவைத்திருந்தான், எடுத்துக் கொடுக்கத்தான் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

காலையில் கரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த ஒருத்தியிடம் கேட்டபோது அவள் தெளிவாகத்தான் சொன்னாள்.

"மெதுவாத்தாங்க வந்துச்சு. நாங்க வெத்தல போட்டுக்கிட்டுப் பேசிக்கிட்டு வந்தோம். கரை அப்படியே உள்வாங்கிருச்சுங்க."

கரை ஏன் உள்வாங்கியது என்பதும் அவன் கண்ணில் பட்டது. மிராசுதார் தன் களத்தை மேடாக்குவதற்காக அந்த இடத்தில் கரையின் அடிமண்ணை வெட்டி எடுத்திருந்தார். மேலே பார்த்தால் பாதை, கீழே பொந்து. வெட்டிய மண்வெட்டியின் தடம்கூட ஈரமாக அப்படியே இருந்தது. அவன் குனிந்து பார்த்தான், தொட்டும் பார்த்தான்.

பார்த்தவன்தான் தந்தி ஆபீஸில் நின்றுகொண்டு முதல் வரியில் ஸ்பீடிங் டிராக்டர் என்று எழுதினான். அடுத்த வரியில் அது கேரீன் ஆனது. கடைசியில் ரன்அவே என்ற வார்த்தை கிடைத்த சந்தோஷத்தில் ஹர்ட்லிங்கையும் சேர்த்து வண்டியை வாய்க்காலுக்குள் அனுப்பிவைத்தான். இவ்வளவு வேகமாக வந்த வண்டிக்கு அப்புறம் கரை எதற்கு? மண் வெட்டியதை எழுத இடமும் இல்லை, அவசியமும் தெரியவில்லை. படித்துப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் பக்கத்தில் பெட்டி கட்டிப் போட்டார்கள். ஒரு வார்த்தைகூட வெட்டவில்லை. ஹெட்மாஸ்டர் கூப்பிட்டுக் கை கொடுத்தார். அன்றைக்குச் சாயங்காலம் கடைத்தெருவில் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் காயாரோகணம் அவனைப் பிடித்துக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

"பெரிய உபகாரம் சார். மேல ரிப்போர்ட்ட இங்கிலீஷ்ல கேட்டாங்க. எங்களுக்கு அவ்வளவு எங்க வருது? உங்க பேப்பரப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அப்படியே எழுதிட்டேன். ஐயா படிச்சுட்டு, யாருய்யா எழுதுனதுன்னு கேட்டாரு."

பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டு, சர்க்கரை அதிகம் என்று சொன்னான்.

கண்மண் தெரியாமல் ஓட்டி உயிரைப் பறித்ததாகச் செல்லதுரை மேல் கேஸ் ஆனது. களத்துக்கு மண் எடுத்த பேச்சே எழவில்லை. வெட்டிய இடத்தை ஒரே நாளில் நிரவிவிட்டார்கள். வெளியூர் ஆட்களும் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். சங்கத்துக்காரர்கள் வந்து நின்றிருக்கலாம். ஆனால் வெளியாளை ஏற்றிவந்தவனுக்காக எந்த முகத்தோடு வருவது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். மிராசுதாரும் கைகழுவிவிட்டார். இரண்டு பக்கத்துக்கும் ஆகாதவராகச் செல்லதுரை தனியாக மாட்டிக்கொண்டார்.

விசாரணைக்கு முந்தின வாரம் அவர் பெண்சாதி அம்சம் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, நீங்க அந்த எடத்தப் பாத்தீங்கல்ல? கரை வெட்டியிருந்துச்சு, வண்டி மெதுவாத்தான் வந்துச்சாம்னு கோர்ட்டுல வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும்னு வக்கீலு சொல்றாரு."

"வர்றேன் அண்ணி."

"மறந்துற மாட்டீங்களே?"

"அதெப்படி மறப்பேன்?"

மறக்கவில்லைதான். விசாரணைக்கு முந்தின நாள் ராத்திரி முழுக்க, கூண்டில் ஏறி நின்றால் என்ன கேட்பார்கள் என்று யோசித்துக்கொண்டே கிடந்தான். அப்படியானால் பத்திரிகையில் எழுதியது பொய்யா என்பார்கள். பொய் என்றால் நிருபர் வேலை அன்றோடு முடிந்தது. விடிந்ததும், தஞ்சாவூரில் மந்திரி விழாவுக்குப் போகச் சொல்லித் தந்தி வந்திருந்தது. அவன் பஸ் ஏறிவிட்டான். அந்தத் தந்தி வராமல் இருந்திருந்தால் வேறு ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்திருப்பான், அது அவனுக்கே தெரியும். மந்திரி பேசியதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினான்.

செல்லதுரைக்கு ஒரு வருஷம் கிடைத்தது. லைசென்ஸும் போயிற்று. அவர் உள்ளே இருந்த காலத்தில் அம்சம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனாள். வழியில் பார்த்தால் அவனிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. அவன்தான் சைக்கிளை வேறு சந்தில் திருப்பினான்.

அவர் திரும்பி வந்து சில நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் போனான். போகாமல் இருக்கவும் முடியவில்லை, போகும் வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்றும் இருந்தது. செல்லதுரை வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. அம்சம் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"உக்காருங்க தம்பி." அவர் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். கோர்ட்டுல இங்கிலீசுலயே படிச்சாங்க. என் வண்டி எப்படி வந்துச்சுன்னுதான் எழுதியிருந்துச்சாம். எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்க எழுதுனதுதானாமே. என்ன எழுதியிருந்தீங்க?"

எழுதியதில் ஒவ்வொரு எழுத்தும் அவனுக்கு மனப்பாடம். ஆனால் அதை ஒருநாளும் தமிழில் சொல்லிப் பார்த்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"தலைதெறிக்க வந்துச்சுன்னு..."

"ம்."

"தறிகெட்டு, அப்படியும் இப்படியும் சாஞ்சு ஓடுச்சுன்னு..."

"ம்."

"ஓட்டுற ஆளு கைய மீறிப் போயி, எறிஞ்ச கல்லு மாதிரி வாய்க்கால்ல விழுந்துச்சுன்னு."

கயிறு திரிப்பது நின்றது. கோபம் வரும் என்று எதிர்பார்த்து வைரக்கண்ணு காத்திருந்தான். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"இவ்வளவும் அந்த ஒரு வண்டிக்கா?" என்றார் செல்லதுரை. அவர் குரலில் ஆச்சரியம்தான் இருந்தது. "நல்லா இருந்துச்சுன்னுதான் எழுதியிருப்பீங்க. எந்திரிங்க, ஒரு எட்டுப் போயிட்டு வருவோம்."

கூட்டிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனார். கரை கெட்டித்துப் புல் முளைத்திருந்தது. கீழே வயலில் இளம்பயிர் நின்றது. பூவரசு மரத்தடியில் அவர் நின்றார்.

"இங்கேருந்துதான் கரையில ஏத்துனேன். பொட்டி நெறைய பொம்பளைங்க. அதுல ஒருத்தி மாசமா இருந்தா. அன்னிக்கு வண்டி வந்த வேகத்துலயே என்கூட வாங்க."

செல்லதுரை இரண்டு கையையும் முன்னால் ஸ்டியரிங்கில் வைத்தது போல உயர்த்திக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். தலை அடிக்கடி பின்னால் திரும்பி, இல்லாத பெட்டியைப் பார்த்துக்கொண்டது. பள்ளம் வந்த இடத்தில் இன்னும் மெதுவானார். வைரக்கண்ணு பக்கத்தில் நடந்தான். கொஞ்ச தூரத்திலேயே அவன் முந்திப் போய்விட்டான். நின்று, அவர் வந்து சேரும்வரை காத்திருந்து, மறுபடி நடந்தான். மறுபடியும் முந்தினான். காலடியைக் குறுக்கிக் குறுக்கி வைத்துப் பார்த்தும் அந்த வேகத்துக்கு அவனுக்கு நடக்கத் தெரியவில்லை. பேண்ட் கால்கள் ஒன்றில் ஒன்று தட்டின.

"அண்ணே, போதும்ணே," என்றான்.

"எடம் இன்னும் வரல தம்பி," என்றார் அவர், கையை இறக்காமல்.

பின்னாலிருந்து, "கொஞ்சம் ஒதுங்கிக்கங்க," என்று ஒரு குரல் கேட்டது. தலையில் கண்ணை மறைக்கும் புல்லுக்கட்டோடு ஒரு கிழவி வந்துகொண்டிருந்தாள். இருவரும் கரையோரம் ஒதுங்கினார்கள். அவள் அவர்களைக் கடந்து, ஒரு கையால் கட்டைப் பிடித்துக்கொண்டு, தன்பாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.